பழைய டீசல் குவாலிஸில் ஃபேன் கிளட்சை மாற்றும் முறை

டொயோட்டா குவாலிஸ் 2000-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்து, 2005-இன் தொடக்கத்தில் இன்னோவாவுக்கு இடம்விட்டு விடைபெற்றது. எனவே இன்று சாலையில் காணும் எந்தக் குவாலிஸுக்கும் வயது இருபதைத் தாண்டியிருக்கும். அதன் 2,446 சி.சி. டீசல் எஞ்சின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்று நம்பி வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அந்த எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே அமர்ந்திருக்கும் ஃபேன் கிளட்ச் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அது சாகும்போது சத்தமும் போடுவதில்லை. அதனால்தான் வண்டி சூடேறத் தொடங்கியதும் பழி ரேடியேட்டர் மீதும், சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மீதும் விழுகிறது.

என் வண்டியிலும் அப்படித்தான் நடந்தது. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதையோ பத்தாவதையோ கடக்கும்போது, பாரம் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். சூட்டுமானியின் முள் மெல்ல மேலேறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடித்தார்கள், அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். அதன்பிறகும் சூடேறியதால் தெர்மோஸ்டாட்டை உருவி எறிந்தார்கள். நான்கு வழிச்சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. ஊருக்குள் நெரிசலில் நின்றால் மட்டும் முள் ஏறியது. கடைசியில் ஒரு நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருந்தபோது, விசிறியின் இதழை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். திருவிழாக் காற்றாடிபோல அது நான்கைந்து சுற்றுகள் சுற்றிவிட்டு நின்றது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகு, செலவே இல்லாத அந்தச் சோதனைதான் உண்மையைச் சொன்னது.

அந்தச் சோதனையின் பொருள் விளங்க வேண்டுமானால், கிளட்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வட்டமான அந்த அலுமினியக் கூட்டுக்குள், வாட்டர் பம்போடு சேர்ந்து சுழலும் தட்டு ஒன்றும், விசிறியைத் தாங்கும் உறையும் ஒன்றையொன்று தொடாமல் அமைந்திருக்கின்றன. இரண்டிலும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வளைய வளையமான வரிப்பள்ளங்கள் உண்டு. தேனைவிடக் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் அந்தப் பள்ளங்களுக்கிடையே வந்து நிறையும்போதுதான் தட்டின் சுழற்சி உறைக்கும், உறையின் வழியாக விசிறிக்கும் போகிறது. எண்ணெயை எப்போது உள்ளே விடுவது என்பதை முடிவுசெய்வது கிளட்சின் முகப்பில் சுருண்டிருக்கும் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் விரிந்து ஒரு சிறு வால்வைத் திறக்கும். காற்று குளிர்ந்தால் வால்வு மூடிக்கொள்ள, எண்ணெய் தன் சேமிப்பறைக்குத் திரும்பிவிடும். வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும் என்பதால், அந்த நேரத்தில் விசிறியை வீணாகச் சுழற்றி எஞ்சினின் வலுவையும் டீசலையும் தின்னாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

காலையில் முதன்முறையாக வண்டியைக் கிளப்பும்போது ஓரிரு நிமிடங்கள் விசிறி 'ஹோ'வென்று இரைந்துவிட்டுப் பிறகு அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய் தானாகவே பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும். சுழலத் தொடங்கியதும் அது மெல்ல மெல்ல வெளியேற்றப்படும். ஆகவே அந்த இரைச்சல் நோயின் அறிகுறி அல்ல, நலத்தின் அறிகுறி. அது ஒரு நாள் கேட்காமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குறை கிளட்சில்தானா என்று உறுதிசெய்தல்

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வண்டி முழுவதும் குளிர்ந்த நிலையில் விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல கிளட்ச் ஒரு பிசுபிசுப்பான எதிர்ப்பைக் காட்டும்; தள்ளிவிட்டால் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ போய் நின்றுவிடும். என்னுடையதைப்போலத் தடையின்றிச் சுழன்றால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். நன்றாக ஓட்டிச் சூடேறியபின் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சுழற்றினால், குளிர்ந்தபோது இருந்ததைவிட இறுக்கம் கூடியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டருக்கு அருகே கை போவதால் கையுறை அணிந்துகொள்வது நல்லது.

அடுத்து, கிளட்சின் முகப்பில் சுருளின் நடுத்தண்டைச் சுற்றியும், பின்புறம் பேரிங் இருக்கும் இடத்திலும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் கசிந்திருந்தால், சுழற்சியில் வீசப்பட்டு நடுவிலிருந்து வெளிநோக்கிக் கதிர்கதிராகப் படர்ந்து, அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுத்துப்போயிருக்கும். பிறகு விசிறியின் எதிரெதிர் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். முனையில் ஐந்தாறு மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருப்பது இயல்பே. அதற்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஆனால் அசைக்கும்போது கூடவே வாட்டர் பம்பின் புல்லியும் ஆடுகிறதா என்று கவனிக்கத் தவறாதீர்கள். புல்லியும் ஆடினால் குறை வாட்டர் பம்பின் பேரிங்கில் இருக்கிறது. கிளட்சை மட்டும் மாற்றினால் பழைய ஆட்டம் புதிய கிளட்சையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

எண்ணெய் போவதற்கு நேர்மாறான குறையும் உண்டு. கிளட்ச் உள்ளே இறுகிப்போனால் விசிறி எப்போதும் எஞ்சினோடு பூட்டியதுபோலச் சுழலும். எந்த வேகத்திலும் இரைச்சல் அடங்காது, இழுவை குறையும், மைலேஜ் விழும். வண்டி சூடேறாது என்பதால் பலர் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. சில பட்டறைகளில் எண்ணெய் போன கிளட்சை வேண்டுமென்றே போல்ட் போட்டோ வெல்டு வைத்தோ இப்படிப் பூட்டிவிடுகிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர் ஊர் வந்து சேர அது உதவலாம். ஆனால் விடாமல் முழு வேகத்தில் சுழலும் விசிறி வாட்டர் பம்பின் பேரிங்கைப் பாடாய்ப்படுத்துவதோடு, பழைய பிளாஸ்டிக் இதழ்களில் ஒன்று முறிந்தால் ரேடியேட்டரையும் பானெட்டையும் கிழித்துக்கொண்டு வெளியே பாயும்.

ஓடும் எஞ்சினில் சுருட்டிய செய்தித்தாளை விசிறிக்குள் விட்டு நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் நின்ற எஞ்சினிலேயே செய்துவிடலாம்.

கிளட்ச் நலமாக இருந்து வண்டி மட்டும் சூடேறினால், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்திருக்கும் தூசியையும் பூச்சிகளையும், ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு தோராயமான விதி உண்டு: நிற்கும்போதும் ஊரும்போதும் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது ஆறினால் காற்றோட்டத்தில் குறை, வேகமாக ஓடும்போதும் சூடேறினால் நீரோட்டத்தில் குறை. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவது இரண்டுக்குமே தீர்வல்ல. அது இல்லாத டீசல் எஞ்சின் நெடுஞ்சாலையில் தேவையான சூட்டை எட்டாமலே ஓடி எரிபொருளை வீணாக்கும். என் வண்டியில் பிடுங்கியதை நான் மறுபடி வாங்கிப் போட வேண்டியிருந்தது.

புதிய கிளட்சைத் தேர்ந்தெடுத்தல்

பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப்போவதே பாதுகாப்பான வழி. பம்ப் பக்கத்து ஸ்டட் (நட்டு மாட்டும் தலையில்லா போல்ட்) துளைகளின் இடைவெளி, நடுத்துளையின் விட்டம், விசிறி பொருந்தும் போல்ட் துளைகள், மொத்த உயரம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். உயரம் சில மில்லிமீட்டர் கூடினாலும் விசிறி ரேடியேட்டரை நெருங்கிவிடும் என்பதால் கண்ணளவை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். டொயோட்டா வண்டிகளுக்கு இந்தப் பாகத்தைச் செய்துதரும் நிறுவனங்களில் ஐசின் ஒன்று. அந்தப் பெயரில் கிடைத்தால், பெட்டியும் அச்சும் அசல்தானா என்று பார்த்து வாங்கலாம். வாங்கியதை வீட்டில் தட்டுபோலப் படுக்க வைக்கக் கூடாது. வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் எண்ணெய் சீல் பக்கம் தேங்கிக் கசியக்கூடும். கடைக்காரர் அதை எப்படி அடுக்கி வைத்திருந்தார் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியது வாங்காமல் எண்ணெயை மட்டும் நிரப்புவதும் உண்டு. டொயோட்டாவே 18 மில்லி சிறு குழாய்களில், 3,000, 10,000 என வெவ்வேறு கெட்டித்தன்மையில் இந்தச் சிலிக்கான் எண்ணெயை விற்கிறது. உறையின் திருகுகளைக் கழற்றிப் பிரிக்கக்கூடிய கிளட்சாக இருந்து, பேரிங்கில் ஆட்டமும் சீலில் கசிவும் இல்லாமல், வயதில் எண்ணெய் மட்டும் வற்றியிருந்தால் இது நல்ல சிக்கனம். கசிவு கண்ணுக்குத் தெரியும் கிளட்சில் எண்ணெய் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

கழற்றுதல்

வேலையைக் காலையில், எஞ்சின் இரவெல்லாம் ஆறிய பிறகு தொடங்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் சாவி போடுவதற்கும், கண்டன்சருக்கு முன்னால் மின்விசிறி பொருத்திய வண்டியில் அது திடீரென்று சுழல்வதற்கும் இதனால் வழியில்லாமல் போகும். 10, 12 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர்கள், ராட்செட், கம்பி பிரஷ், எமரி தாள், கூலண்ட் பிடிக்க ஒரு சுத்தமான தொட்டி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி ஆகியவை போதும்.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரை ரேடியேட்டரிலிருந்து விடுவித்து எஞ்சின் பக்கமாகச் சாய்த்தால்தான் கைக்கு இடம் கிடைக்கும். மேல் ஹோஸ் தடையாக இருந்தால் ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து இரண்டு லிட்டர் அளவுக்குக் கூலண்டை வடித்துவிட்டு ஹோஸைக் கழற்றலாம். முழுவதையும் வடிக்கத் தேவையில்லை. வடித்த கூலண்டை நாய், பூனை, கோழி எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் குடித்துவிடும், அது நஞ்சு. பிறகு அட்டைப்பெட்டியை ரேடியேட்டரின் அளவுக்கு வெட்டி அதன் பின்புறம் செருகிவிடுங்கள். விசிறியை வெளியே எடுக்கும்போது இதழ் ஒரு முறை இடறினாலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நசுங்கிவிடும். ஐந்து நிமிட அட்டை வேலை அதைத் தடுக்கும்.

இப்போது கிளட்சை வாட்டர் பம்போடு பிணைக்கும் நான்கு நட்டுகள். இங்கேதான் பெரும்பாலானோர் வரிசையை மாற்றிச் செய்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். பெல்ட்டை முதலில் தளர்த்தினால் புல்லி பிடிப்பின்றிச் சுழலும். ஸ்பேனரைத் திருப்பும்போது நட்டும் கூடவே சுற்றும். ஆகவே பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே, ஒரு கையால் அதை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான்கு நட்டுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். இருபது ஆண்டுத் துரு பிடித்திருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளில் அடித்து ஊறவிடுங்கள். நான்கும் இளகிய பிறகே ஆல்டர்நேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றி, நட்டுகளை முழுவதுமாக எடுக்க வேண்டும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் பதற வேண்டாம்; மரைகள் நன்றாக இருந்தால் சுத்தம் செய்து, மரை பூட்டும் பசை ஒரு துளி இட்டு மறுபடி திருகிக்கொள்ளலாம்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லாக் கிளட்சும் நான்கு நட்டுகளால் பிணைக்கப்படுவதில்லை. பழைய பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் 32 மில்லிமீட்டர் ஒற்றை நட்டு, பம்பின் தண்டிலேயே இடமரையில் திருகப்பட்டிருக்கும். வழக்கமான பக்கம் திருப்பினால் அது இன்னும் இறுகத்தான் செய்யும். உங்கள் வண்டியில் எது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

குவாலிஸில் புல்லியும் அதே ஸ்டட்டுகளில்தான் கோத்திருக்கிறது என்பதால், கிளட்சை இழுத்ததும் அதுவும் கழன்று வரும். கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விசிறியையும் கிளட்சையும் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து நேராக மேலே தூக்குவது எளிது.

திறந்து கிடக்கும்போது பார்க்க வேண்டியவை

இந்த இடம் இவ்வளவு வசதியாகத் திறந்து கிடப்பது மறுபடி எப்போது வாய்க்குமோ தெரியாது. வாட்டர் பம்பின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருக்கக் கூடாது. பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து கூலண்ட் வழிந்து காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறை தெரிந்தால் உள்ளே சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், அப்போதே பம்பையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெல்ட்டை உள்பக்கமாக வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டரின் தகடுகளை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பின் வேகத்துக்குத் தகடுகள் மடங்கிவிடும். என் வண்டியில் இப்படிக் கழுவியபோது கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி வைக்கோல் தூசியும், ஒரு முழுத் தும்பியும் வந்து விழுந்தன.

பிளாஸ்டிக் விசிறியைச் சோப்பு நீரில் கழுவி, ஒவ்வோர் இதழின் அடியிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த விசிறி குப்பைக்குத்தான். எம்-சீல் வைத்து ஒட்டிய விசிறி எஞ்சின் வேகத்தில் சுழலும்போது அதன் எதிரே நிற்க எனக்குத் துணிவில்லை.

பொருத்துதல்

பழைய கிளட்சிலிருந்து விசிறியைப் பிரிக்கும் முன், ரேடியேட்டரை நோக்கும் முகம் எது என்று மார்க்கரால் ஒரு குறி இட்டுக்கொள்ளுங்கள். திருப்பிப் பொருத்தினாலும் விசிறி அதே திசையில்தான் காற்றை இழுக்கும் என்பதால் தவறு வெளியே தெரியாது. ஆனால் இதழின் வளைவு மாறிப்போவதால் காற்று பாதியாய்க் குறைந்து, புதுக் கிளட்ச் போட்டும் வண்டி சூடேறும் புதிர் மிஞ்சும்.

புதிய கிளட்ச் வந்து அமரும் பம்ப் முகப்பையும், புல்லியின் இரு பக்கங்களையும் கம்பி பிரஷாலும் எமரி தாளாலும் துருவின்றித் தேய்த்துத் துடைக்க வேண்டும். ஓர் உமி அளவு துரு நடுவில் சிக்கினாலும் கிளட்ச் சாய்வாக உட்காரும். மையத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு இதழின் முனையில் பல மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகும். அந்த அதிர்ச்சி பம்பின் பேரிங்கைத்தான் போய்ச் சேரும்.

விசிறியை, கவருக்குள் வைத்தபடியே உள்ளே இறக்கி, புல்லியை ஸ்டட்டுகளில் கோத்து, கிளட்சை அதன்மேல் ஏற்றி, நான்கு நட்டுகளையும் விரலாலேயே முழுவதும் திருகுங்கள். பிறகு பெல்ட்டை மாட்டி இறுக்கி, அதன் பிடிப்பில் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இரண்டு மூன்று தவணைகளில் முடுக்குங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் அளவே, அதாவது முடுக்கும் திருகுவிசையின் அளவே, இறுதியானது. அது கைவசம் இல்லையென்றால், 8 மில்லிமீட்டர் மரைக்கு 20 நியூட்டன் மீட்டரும், 6 மில்லிமீட்டர் மரைக்கு எட்டிலிருந்து பத்தும் பொதுவான அளவுகள். நீளமான கம்பியை மாட்டித் தொங்கினால் ஸ்டட் முறியும். பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் அது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தழைய வேண்டும்.

கவரை முடுக்கிய பின், அட்டையை உருவிவிட்டு, விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எல்லாப் பக்கமும் கவருக்கும் இதழுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் உரசினால் எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் இறங்கியிருக்கலாம். கவரை அறுத்து இடம் பண்ணாமல் மவுண்டை மாற்றுவதே முறை. கழற்றிய ஹோஸை மாட்டி, வடித்த கூலண்ட் தெளிவாக இருந்தால் அதையே ஊற்றலாம். கலங்கியிருந்தால் புதிய கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு படியும்.

கருவிகள் ஒவ்வொன்றும் உள்ளே விட்டுப்போகாமல் எண்ணி எடுத்துவைத்துவிட்டு, பேட்டரி ஒயரை மாட்டிக் கிளப்புங்கள். தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த வேட்டி எதுவும் அருகே கூடாது. முதல் ஓட்டத்தில் விசிறிக்கு நேர்ப்பக்கவாட்டில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். தொடக்கத்தில் இரைச்சல் பலமாகக் கேட்டு, ஓரிரு நிமிடங்களில் அடங்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, குமிழ்கள் வந்து காற்று போனபின் குறையும் அளவை நிரப்பி மூடுங்கள். பிறகு ஏசியைப் போட்டு, நண்பகல் வெயிலில் இருபது நிமிடம் நின்றபடியே ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்து, சற்று ஏறப் பார்க்கும் தருணத்தில், வெளியே அந்தப் பழைய 'ஹோ' சத்தம் மறுபடி எழும், முள் இறங்கும், சத்தமும் அடங்கும். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நான்கு நட்டுகளின் இறுக்கத்தையும் பெல்ட்டின் தொய்வையும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிய பெல்ட் போட்டிருந்தால் அது சற்று நீண்டிருக்கும்.